வேலி நேராக நிற்க வேணும்: மாக்னஸ் மில்ஸை வாசிக்கிற விதம்

மாக்னஸ் மில்ஸ் என்ற இங்கிலாந்து நாவலாசிரியரின் புத்தகத்தை வேலை செய்கிற இடத்தில் வைத்து வாசிக்காதீர்கள். நான் வாசித்தேன். கராஜ் கன்டீனில், காலை ஷிஃப்ட் இடைவேளையில், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். எதிரில் இருந்த கானா நாட்டு நண்பர், என்ன பகிடி, எங்களுக்கும் சொல்லன் என்றார். சொல்லிப் பார்த்தேன். "மூன்று பேர் வேலி போடுகிறார்கள். வேலி போடச் சொன்ன கமக்காரர் தவறுதலாகச் செத்துப் போகிறார். அவரை அங்கேயே புதைத்துவிட்டு வேலையைத் தொடருகிறார்கள்." அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கதையைச் சொன்னால் பகிடி போய்விடும், கொலைபாதகம்தான் மிஞ்சும். மில்ஸிடம் இருக்கிற முதல் சிக்கல் இது. ஆகையால் அவரை வாசிக்க ஒரு கைப்பழக்கம் தேவைப்படுகிறது. எனக்கு அது வந்து சேர மூன்று புத்தகம் பிடித்தது. உங்களுக்கு ஒன்றோடு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. தெற்கு லண்டனில் 19 வருடமாக பஸ் ஓட்டுகிறேன். ஒருநாள் ரூட் முடிகிற இடத்தில் மேல்தட்டைச் சோதிக்கப் போனபோது, பின் சீட்டில் மெல்லிய புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டையில் 'தி மெயின்டெனன்ஸ் ஆஃப் ஹெட்வே' என்று போட்டிருந்தது. ஹெட்வே எங்கள் வேலையில் தினமும் புழங்குகிற சொல், பஸ்களுக்கு இடையிலுள்ள இடைவெளி. யாரோ கண்ட்ரோலர் விட்டுவிட்டுப் போன பயிற்சிக் கையேடு என்று நினைத்துப் புரட்டினால், நாவல்! சட்டப்படி அதைத் தவறிய பொருள்களில் ஒப்படைத்தேன். பிறகு ஒரு தருமக் கடையில் தேடி, 50 பென்ஸுக்கு எனக்கென்று ஒரு பிரதி வாங்கினேன்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 இல் பேர்மிங்ஹாமில் பிறந்தவர். பொருளியல் படித்தவர். படித்த படிப்பை விட்டுவிட்டுப் பல வருடம் வேலி போடுகிற வேலை செய்தார், பிறகு லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டினார். 1998 இல் 'தி ரெஸ்ட்ரெயின்ட் ஆஃப் பீஸ்ட்ஸ்' என்ற முதல் நாவல் வந்து, அந்த வருடத்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. பரிசு இயன் மெக்யூவனுக்குப் போய்விட்டது. ஆனால் பத்திரிகைக்காரர் எல்லாம் மில்ஸைத்தான் சுற்றி வளைத்தார்கள். பஸ் சாரதி நாவல் எழுதிவிட்டாராம்! குரங்கு சைக்கிள் ஓட்டினால் சனம் பார்க்கிற பார்வைதான். யாருக்கும் முகம் காட்டாத அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் பின்சன் அந்த நாவலைப் புகழ்ந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அந்த வரி இன்றைக்கும் அட்டையில் கிடக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வாசிக்கத் தொடங்கும்போது அர்த்தம் தேடாதீர்கள். இதுதான் கஷ்டம். எங்கள் ஆட்களுக்கு, முக்கியமாகப் புத்தகம் வாசிக்கிற ஆட்களுக்கு, பத்தாவது பக்கத்திலேயே 'இது எதைக் குறிக்குது' என்று கேட்கிற வருத்தம் உண்டு. வேலி என்றால் எல்லை, எல்லை என்றால் அரசு, அரசு என்றால் அடக்குமுறை என்று ஓடத் தொடங்கிவிடுவார்கள். ஓடாதீர்கள். வேலி என்றால் வேலிதான். குழி எவ்வளவு ஆழம், கம்பம் நேரே நிற்கிறதா, கம்பி எவ்வளவு இறுக்கம் என்பதை மட்டும் பாருங்கள். மில்ஸ் அந்த வேலையைக் கையால் செய்தவர். கம்பி தளர்ந்த வேலியைப் பற்றி அவர் எழுதும்போது, அந்தத் தளர்ச்சி ஒரு மனிதன் செத்ததைவிடப் பெரிய விஷயமாகத் தெரியும். நீங்களும் அப்படியே நம்பத் தொடங்குவீர்கள். அப்படி நம்பிய பிறகுதான் அவர் உங்களைப் பிடிப்பார்.

எனக்கு இது ஊர் ஞாபகத்தில் கெதியாக விளங்கியது. எங்கள் பக்கம் வருடா வருடம் வேலியடைப்பு நடக்கும். கிளுவைக் கதியால், பூவரசங் கதியால், அதில் கிடுகை வைத்துக் கட்டுவது. கயிறு பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு சாண் அங்காலே இங்காலே போனால் இரண்டு வீட்டுக்காரரும் செத்த வீட்டுக்குக்கூட முகம் கொடுக்க மாட்டார்கள். வேலி நேராக நிற்பதற்காக மனிதர் என்னென்ன செய்வார்கள் என்று சின்ன வயதிலேயே பார்த்தவனுக்கு, மில்ஸின் வேலிக்காரர் வருகிற ஸ்கொட்லாந்து அவ்வளவு தூரமில்லை.

அடுத்து, ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது யாருக்காவது ஒரு வேலை சொல்கிற இடமெல்லாம் கோடு போடுங்கள். கட்டளை, வேண்டுகோள், 'உங்களுக்குக் கஷ்டமில்லை என்றால்', 'நேரம் இருந்தால்' எல்லாம் இதில் சேரும். 'தி ரெஸ்ட்ரெயின்ட் ஆஃப் பீஸ்ட்ஸ்' தொடங்குவதே கட்டளையில்தான். முதலாளி டொனால்ட் கதைசொல்லியைக் கூப்பிட்டு, டாம், ரிச்சி என்ற இரண்டு ஸ்கொட்லாந்துப் பெடியளுக்கு அவரைப் பொறுப்பாளராக்குகிறார். ஏன் என்று கேட்டால், அவர்களைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்ப ஏலாதாம். கதைசொல்லிக்குப் பெயரே இல்லை. அவர் இங்கிலாந்துக்காரர் என்பதும், மேலிருந்து வருவதைக் கீழே கடத்துகிறவர் என்பதும்தான் எங்களுக்குத் தெரியும். அவரும் கெட்டவர் இல்லை. டாமும் ரிச்சியும் சிகரெட் பிடிப்பார்கள், பின்னேரமானால் பப்புக்குப் போவார்கள், சம்பளத்தில் முன்பணம் கேட்பார்கள். மழைக்குள் ஒழுகுகிற கரவனில் மூன்று பேரும் படுத்துக் கிடப்பார்கள். நாவல் முழுக்க ஒரு ஆளுக்குக்கூடக் கோபம் உருப்படியாக வராது.

அந்தக் கோடுகளை நாவல் முடிந்த பிறகு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டளையும் நியாயமானது. ஒன்றைக்கூடப் பிழை என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வருகிற தொகைதான் பயங்கரம். மில்ஸின் நக்கல் இருக்கிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். நக்கல் என்றால் நாங்கள் பழகியது, எதிரில் ஒரு ஆளை நிறுத்தி வைத்து அடிக்கிறது. அரசியல்வாதியை, சாமியாரை, வெளிநாட்டுக் காசில் பெருமை பேசுகிறவனை அடிப்போம். அடி விழுகிறவன் ஒருவன், பார்த்துச் சிரிக்கிறவர் நாங்கள். மில்ஸிடம் அடி விழுகிற ஆளே இல்லை. யார் பிழை என்று விரல் நீட்டப் போனால் விரல் நிற்கிற இடம் கிடைக்காது.

இதை எங்கள் தொழிலை வைத்துச் சொல்கிறேன். ஹெட்வே என்றால் ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையிலுள்ள இடைவெளி. எட்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வையுங்கள். நடுவில் ஒரு பஸ் இரண்டு நிமிடம் சுணங்கிவிட்டது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த தரிப்பில் இன்னும் கொஞ்சம் சனம் சேர்ந்திருக்கும். அவர்களை ஏற்ற மேலும் சுணங்கும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது பறந்து வரும். கடைசியில் இருபது நிமிடம் ஒன்றுமே வராமல், பிறகு மூன்று பஸ் வால் பிடித்துக்கொண்டு வரும். சனம் எங்களைத்தான் ஏசும். இதைத் தடுக்க, பின்னால் வருகிற பஸ்ஸை நிறுத்தி வைப்பதுதான் வழி. மணிக்கு 5 பஸ்ஸோ அதற்கு மேலோ ஓடுகிற ரூட்டில், லண்டனில் கணக்குப் பார்ப்பது சனம் மேலதிகமாக எவ்வளவு நேரம் காத்து நின்றது என்பதை. அந்தக் கணக்கில் கம்பனிக்குக் காசு கூடும், குறையும். ஆகவே கண்ட்ரோலர் ரேடியோவில் நாலு நிமிடம் நில் என்றால் நிற்க வேண்டும். பஸ்ஸுக்குள் அறுபது பேர். றோட்டு வெறிச்சென்று கிடக்கும். லைட் பச்சையாக எரியும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருப்பேன். சேவையைச் சீராக்குவதற்காக பஸ் நிற்கிறது என்று ஒரு பெண் குரல் எல்லாருக்கும் அறிவிக்கும். முதல் சீட்டில் இருக்கிற கிழவி ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு என்று கண்ணாடியில் தட்டுவாள்.

கண்ட்ரோலர் சொன்னது சரி. கிழவி தட்டியதும் சரி. நான் நின்றதும் சரி. அவளுக்குப் பிந்தியது பிந்தியதுதான்.

2009 இல் வந்த அந்த பஸ் நாவலில் ஒரு விதி திரும்பத் திரும்ப வரும். முந்திப் போவதற்கு மன்னிப்பே கிடையாது என்பது அந்த விதி. பிந்தினால் ஆயிரம் காரணம் சொல்லலாம், முந்தினால் ஒன்றும் சொல்ல முடியாது. வாசிக்கிறவர்களில் அநேகம் பேர் இது அபத்தம் என்று சிரிப்பார்கள். பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், அது அபத்தமில்லை. நேரத்துக்கு முன்னம் போன பஸ், நேரத்துக்கு வந்த பயணியை விட்டுவிட்டுப் போகிறது. சரியான விதி. அந்தச் சரியான விதியைக் காப்பாற்ற இன்ஸ்பெக்டர்மார் தரிப்புகளில் ஒளித்து நிற்பதும், சாரதிமார் அவர்களுக்குத் தண்ணி காட்டுவதும்தான் கதை. லண்டன் என்ற பெயரை வாயில் எடுக்காமலே லண்டனை எழுதியிருக்கிறார். அந்த நாவலில் சாவு இல்லை. அதனால் சிலர் அதைச் சின்ன வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகக் கறுப்பு. சாவே தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சாவு வருகிற புத்தகங்களை வாசிக்க ஒரு தனி முறை வைத்திருக்கிறேன். ஒருவர் செத்தால் அந்தப் பக்கத்தில் நிற்காதீர்கள். அங்கே ஒன்றும் இராது. மில்ஸ் சாவை ஒரு வசனத்தில், சில இடத்தில் அரை வசனத்தில், கடந்து போய்விடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது அடுத்த பக்கம். முதலில் யார் வாய் திறக்கிறார்? எதைப் பற்றி? தேத்தண்ணியைப் பற்றியா, கருவியைப் பற்றியா, வெள்ளிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றியா? செத்தவர் விட்டுவிட்டுப் போன வேலை யார் தலையில் விழுகிறது?

1999 இல் வந்த 'ஆல் குவயட் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' என்ற இரண்டாவது நாவலில் இதை நன்றாகப் பிடிக்கலாம். இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகள் நிறைந்த பகுதியில் ஒரு ஆள் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறான். கோடை முடிந்து மற்றப் பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள். இவனுடைய திட்டம் கிழக்கே போவது, தரை வழியாக இந்தியா வரைக்கும். போவதற்கு முன் சில நாள் அமைதியாக இருந்துவிட்டுப் போவோம் என்று நிற்கிறான். முகாம் நடத்துகிற திருவாளர் பார்க்கர் வந்து, வாசல் கேட்டுக்கு பெயின்ட் அடித்துத் தர முடியுமா என்கிறார். பச்சை பெயின்ட். சும்மா இருக்கிற ஆள், அடித்துக் கொடுக்கிறான். பிறகு வள்ளங்கள் இருக்கின்றன. பார்க்கரின் மகளுக்குப் பள்ளிக்கூட வீட்டுவேலை இருக்கிறது. பப்பில் டார்ட்ஸ் விளையாட ஒரு ஆள் குறைகிறது. கடையில் கொப்பியில் எழுதி வைத்துக் கடனுக்குத் தருகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்க இவனுக்குக் கூச்சம். அவர்களும் சொல்லவில்லை. ஊர்ப் பால்காரர் ஏரியில் மூழ்கிச் செத்துப் போகிறார். ஊர் கவலைப்படத்தான் செய்கிறது. பால் யார் போடுவது?

இந்த இடத்தை நான் வாசித்த வாரம் எங்கள் கராஜில் ஒரு ஆள் தவறிவிட்டார். மாரடைப்பு, வீட்டில் நித்திரையில். பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தவர். என் மகள் ஏ.எல். எடுத்தபோது இனிப்பு வாங்கி வந்து தந்தவர். செவ்வாய்க்கிழமை விடிய ஐந்து மணிக்கு நான் கையெழுத்துப் போடப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விஷயத்தைச் சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார், நடிப்பு இல்லை. சொல்லி ஒரு நிமிடம் இராது. மேசையிலிருந்த தாளைத் திருப்பி, சனிக்கிழமை அவருடைய பின்னேர டியூட்டி காலியாக இருக்கிறது, எடுக்கிறீரா என்றார். ஓவர்டைம். நான் ஓம் என்றேன்.

பால்காரர் செத்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை அன்றிரவு மீண்டும் வாசித்தேன். சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று வெட்கமும் வந்தது. அந்த இரண்டும் ஒன்றாக வந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

மூன்றாவது பழக்கம், உரத்து வாசியுங்கள். மில்ஸின் வசனம் சின்னது, மொட்டை. உவமை கிடையாது. வானம் எப்படியிருந்தது, மனம் எப்படித் துடித்தது என்று ஒன்றும் இல்லை. கண்ணால் வாசித்தால் இது வெறும் வேலைக் குறிப்பு என்று தோன்றி, பத்துப் பக்கத்தைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுவீர்கள். வாயால் வாசித்தால் இடைவெளிகள் கேட்கும். ஒருவர் ஒன்று சொல்வார். மற்றவர் "சரி" என்பார். அந்தச் 'சரி'க்கு முன்னால் ஒரு மௌனம் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் அச்சடிக்கவில்லை. நீங்கள்தான் விட்டு வாசிக்க வேண்டும். நான் ரூட் முடிவில் ஸ்டாண்டில் நிற்கிற ஏழு நிமிடத்தில், கதவைப் பூட்டிவிட்டு, வெறும் பஸ்ஸுக்கு வாசித்துக் காட்டுவேன். யாராவது கண்டால் கராஜில் அறிக்கை போயிருக்கும்.

தமிழில் சொல்லிப் பார்ப்பது இதைவிட நல்ல பயிற்சி. முழுதாக மொழிபெயர்க்க வேண்டாம், ஒரு பக்க உரையாடலை எடுத்து முயன்று பாருங்கள். முதல் வசனத்திலேயே மாட்டுவீர்கள். இங்கிலிஷில் 'யூ' என்று ஒரே சொல். டொனால்ட் கதைசொல்லியை 'யூ' என்கிறார், டாமும் 'யூ' என்கிறான், பார்க்கரும் 'யூ'. தமிழில் அந்தக் கள்ளத்தனத்துக்கு இடமில்லை. யார் யாருக்கு மேலே என்று வாய் திறந்த உடனே சொல்லியாக வேண்டும். இங்கே யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்களுக்கு 'நீ'யும் 'நீங்கள்'உம் மட்டுமில்லை, நடுவில் 'நீர்' இருக்கிறது. டொனால்டை நான் 'நீர்' போட்டுக் கதைக்க வைத்தேன். "டாமையும் ரிச்சியையும் உம்மட பொறுப்பில விடுறன்." மரியாதையும் இருக்கிறது, கிட்ட வராதே என்பதும் இருக்கிறது. ஓ.எல். படிக்கும்போது எங்களை 'நீர்' போட்டுக் கூப்பிட்ட ஒரு வாத்தியார் இருந்தார். அவர் ஒருநாளும் அடித்ததில்லை. அவருக்குத்தான் எல்லாரும் பயம்.

பார்க்கருக்கு 'நீர்' பொருந்தவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு சொல் பிடிபட்டது, 'தம்பி'. "தம்பி, ஒரு சின்ன வேலை. உங்களுக்கு நேரமிருந்தால் மட்டும்." இந்த வசனத்தில் மாட்டாத தமிழன் உலகத்தில் இருக்கிறானா? கலியாண வீட்டில் கதிரை தூக்கியது, கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல், ஊர்ச் சங்கத்துப் பொருளாளர் பதவி, எல்லாம் 'தம்பி'யில்தான் தொடங்கியது. சங்கத்துக் கணக்குக் கொப்பி இன்னும் என் வீட்டு அலுமாரியில்தான் கிடக்கிறது. நாலு வருடம் ஆகிறது. அந்த ஒரு சொல்லைப் போட்டவுடன் ஏரி நாவல் முழுக்க எனக்குத் திறந்துகொண்டது. பார்க்கர் அவனை மிரட்டவே இல்லை. ஒருநாளும் மிரட்டவில்லை.

எதில் தொடங்குவது என்று கேட்பீர்கள். வேலி நாவலில் தொடங்குங்கள், அதற்கடுத்து ஏரி நாவல். இரண்டையும் வாசித்த கையோடு 2003 இல் வந்த 'தி ஸ்கீம் ஃபார் ஃபுல் எம்ப்ளாய்மென்ட்' எடுங்கள். பொருளியல் படித்த ஆளின் புத்தகம் என்று அதில்தான் தெரியும். நாடு முழுக்க ஒரு திட்டம். ஒரே மாதிரியான வான்கள் டிப்போவுக்கு டிப்போ பெட்டிகள் ஏற்றி இறக்குகின்றன. பெட்டிக்குள் இருப்பது அந்த வான்களுக்கே தேவையான உதிரிப் பாகங்கள். வான் ஓடினால் பாகம் தேயும், பாகம் தேய்ந்தால் வான் ஓட வேண்டும். எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் எட்டு மணி நேரச் சம்பளம், ஒருவருக்கும் குறையில்லை. பிறகு அதற்குள் இரண்டு கட்சி முளைக்கிறது. எட்டு மணி நேரத்தையும் முழுதாக இருந்து முடிக்க வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம், வேலை முடிந்தால் கொஞ்சம் முந்தி வீட்டுக்குப் போகலாம் என்கிறவர்கள் மறுபக்கம். சோலி அங்கே தொடங்குகிறது. வலதுசாரி வாசித்தால் இது அரசாங்க வேலையைப் பற்றிய நக்கல் என்பார். இடதுசாரி வாசித்தால் முதலாளித்துவத்தைப் பற்றியது என்பார். கன்டீனில் வாசித்தால் அது கன்டீனைப் பற்றியது.

'த்ரீ டு சீ தி கிங்' (2001) மணல்வெளியில் தகர வீடு கட்டி இருக்கிறவர்களின் கதை. அதில் ஒரு தலைவன் வருவான், சனம் பின்னால் போகும். எனக்கு அது கொஞ்சம் வேதப் பாடம் மாதிரிப் பட்டது, ஆனால் காற்றடிக்கிற தகரச் சத்தம் காதில் நிற்கிறது. 'எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் தி நியூ செஞ்சுரி' (2005) இரண்டு கூட்டம் கோவேறு கழுதைகளோடு உலகத்தின் எட்டாக் கோடிக்குப் போட்டி போட்டு நடக்கிற கதை. அந்தக் கழுதைகளைப் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள், பின் அட்டையையும் வாசிக்காதீர்கள். வெள்ளைக்காரன் உலகத்தை அளந்த வரலாற்றை இவ்வளவு அமைதியாக எழுதிய வேறு புத்தகம் எனக்குத் தெரியாது. என்றாலும் அந்த முடிச்சு அவிழ்ந்த பிறகு மில்ஸ் கொஞ்சம் விரலை நீட்டுகிறார் என்றுதான் சொல்வேன். அவருடைய மற்றப் புத்தகங்களில் அந்த விரலே கிடையாது.

2015 இல் வந்த 'தி ஃபீல்ட் ஆஃப் தி க்ளோத் ஆஃப் கோல்ட்' கோல்ட்ஸ்மித்ஸ் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. ஆற்றங்கரையில் ஒரு பெரிய வயல், ஒவ்வொரு திசையிலிருந்தும் ஆட்கள் வந்து கூடாரம் அடிக்கிறார்கள், முந்தி வந்தவருக்குப் பிந்தி வந்தவரைப் பிடிக்காது. இங்கிலாந்தின் சரித்திரம் தெரிந்தால் இவர் ரோமர், அவர் வைக்கிங் என்று அடையாளம் பிடிக்கலாம். அப்படிப் பிடிக்கிற வேலையில் கதை கையை விட்டுப் போய்விடுகிறது. எனக்கு அதில் பிடித்தது, முதல் வந்தவன் தான்தான் முதல் வந்தவன் என்று நிரூபிக்கப் படுகிற பாடு. 'தி ஃபோரென்சிக் ரெக்கார்ட்ஸ் சொசைட்டி' (2017) பப்பின் பின் அறையில் இசைத்தட்டுக் கேட்கச் சங்கம் தொடங்குகிறவர்களைப் பற்றியது. கேட்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது. அதில் பிளவு வந்து எதிர்ச் சங்கம் முளைக்கிறது. புலம்பெயர்ந்த தமிழருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். மில்ஸின் உலகத்தில் பெண்கள் சரியாக வருவதில்லை. வந்தாலும் கதவருகே நின்று ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆம்பிளைகள் சேர்ந்து வேலை செய்கிற இடத்துக்கு வெளியே அவருக்குக் காது கேட்பதில்லை. இரண்டு புத்தகத்தை அடுத்தடுத்து வாசித்தால் ஒரே ஆளே எல்லாப் புத்தகத்திலும் கதை சொல்கிறான் என்று அலுப்பும் தட்டும். ஆகையால் ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் ஆறு மாதமாவது விடுங்கள். இதற்கும் ஹெட்வே வேணும்.

இன்னொன்று, முடிவுகளில் விளக்கம் எதிர்பார்க்காதீர்கள். வேலி நாவலில் ஹோல் சகோதரர்கள் என்று ஒரு குடும்பம் வரும். அவர்களுக்கு இறைச்சி வியாபாரம், சொசேஜ் செய்கிறார்கள், அதோடு வேலி வேலையும். அவர்களுடைய இடத்துக்கு நம் மூன்று பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வேலி எதை உள்ளே வைத்திருக்கப் போடுகிற வேலி, சொசேஜுக்கு இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குள் ஒரு கேள்வி எழும்பும். மில்ஸ் பதில் சொல்ல மாட்டார். புத்தகத்தின் தலைப்புக்கு 'மிருகங்களை அடக்கி வைத்தல்' என்று பொருள் சொல்லலாம். எந்த மிருகங்கள் என்பதை மட்டும் கடைசிப் பக்கத்தில் நின்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

என் 50 பென்ஸ் பிரதி வீட்டில்தான் இருக்கிறது. வேலி நாவலைப் போன மாதம் எங்கள் கராஜில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெடியனுக்குக் கொடுத்தேன். வல்வெட்டித்துறைப் பக்கம், கெட்டிக்காரன், தமிழில் நிறைய வாசிக்கிறவன். இரண்டு கிழமை கழித்து ஸ்டாண்டில் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"அண்ணை, பாதிக்குக் கிட்ட வந்திட்டன். ஒண்டும் நடக்கேல்லையே?"

"மக்கிரிண்டில் எண்ட கமக்காரர் வந்திட்டாரோ?"

"ஓம், ஓம். அந்தாளைத் தாட்டும் ஆச்சு."